லேப்பராஸ்கோப்பி: சாவித்துளையா, நுண்துளையா?

பெருங்குடலில் புற்றுநோய் என்று உறுதியாகி, கட்டியை எடுத்தாக வேண்டும் என்றும் முடிவானபின் அடுத்து எழும் கேள்வி, “ஓபனா, லேப்ரோவா?” என்பதுதான். ‘ஓபன்’ என்றால் வயிற்றைத் திறந்து செய்வது. ‘லேப்ரோ’ என்பது லேப்பராஸ்கோப்பியின் செல்லச் சுருக்கம்: சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்வது. சிலர் இதையே ‘லேசர் ஆப்பரேஷன்’ என்பார்கள். ஒலி ஒற்றுமையால் வந்த குழப்பம் அது. இந்த அறுவைக்கு அந்தப் பெயர் லேசர் கதிரால் வந்ததல்ல.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘லபாரா’ என்றால் விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள மெத்தென்ற பக்கப் பகுதி. ‘ஸ்கோபெயின்’ என்றால் உற்றுப் பார்த்தல். 1901இல் ஜெர்மனியின் கெயோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் குழாய் வழியே பார்த்துக் காட்டியபோது வேறு பெயர் வைத்தார்: ‘கோலியோஸ்கோப்பி’. அதில் வரும் ‘கொய்லியா’ வயிற்றையே குறிக்கும் சொல். என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தமான பெயர். ஆனால் 1910இல் மனிதர்களிடம் இதைச் செய்து எழுதிய ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் ‘லபாரா’வைப் பிடித்துக்கொண்டார். அதுவே நிலைத்துவிட்டது.

வயிற்றைத் திறந்து செய்வதற்கு மருத்துவர்கள் சொல்லும் ‘லேப்பராட்டமி’யிலும் இதே ‘லபாரா’தான் இருக்கிறது. ‘டோமே’ என்றால் வெட்டு. ஆக, ஒன்றின் பெயரில் வெட்டு, மற்றதன் பெயரில் பார்வை. லேப்பராஸ்கோப்பி என்ற சொல்லில் அறுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஏனென்றால் நெடுங்காலம் அது பெரும்பாலும் உள்ளே எட்டிப் பார்க்கும் சோதனையாகவே இருந்தது. 1980இல் கர்ட் செம் குடல்வாலையும், 1985இல் எரிக் மூஹே பித்தப்பையையும் இந்த வழியாக எடுத்தார்கள். வேலை மாறியது, பெயர் மாறவில்லை.

சரி, தமிழில்? முதலில் ‘அறுவை’. இன்று அறுவை என்றதும் கத்தியோ, சகிக்க முடியாத நகைச்சுவையோதான் நினைவுக்கு வரும். சங்க காலத்தில் அது துணி. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் மருத்துவர் அல்ல, துணி வியாபாரி. நீளமான நெசவிலிருந்து அறுத்து எடுப்பதால் துணிக்கு அந்தப் பெயர். இலங்கைத் தமிழில் ‘சத்திர சிகிச்சை’ என்பார்கள். வடமொழி ‘சஸ்திரம்’, அதாவது வெட்டும் கருவி, அதிலிருந்து வந்தது.

‘கீஹோல் சர்ஜரி’ என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கை அப்படியே பெயர்த்தது ‘சாவித்துளை அறுவை சிகிச்சை’. இது எனக்கு ஒட்டவில்லை. ‘சாவி’யே போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அது தமிழாகவே ஆகிவிட்டது. சிக்கல் வேறு. சாவித்துளை என்றால் ஒரே ஒரு துளை போலத் தோன்றும். பெருங்குடலுக்கு வழக்கமாக நாலைந்து துளைகள் தேவைப்படும். ‘நுண்துளை அறுவை சிகிச்சை’ மேல். செய்தித்தாள்களிலும் இதுதான் பழகிவிட்டது. தோலின் நுண்துளைகளையும் இதே சொல்லால் குறிக்கிறோம் என்பது ஒரு குறை, ஆனால் ‘அறுவை’ கூடவே வருவதால் யாரும் தடுமாறப் போவதில்லை. வெறும் சோதனைக்காக உள்ளே பார்ப்பதை மட்டும் ‘வயிற்று அகநோக்கல்’ என்று தனியாகச் சொல்லலாம்.

ஆனாலும் ‘நுண்துளை’ பாதிக் கதையைத்தான் சொல்கிறது. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, 5 முதல் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்கள் வழியே கேமராவும் கருவிகளும் உள்ளே போகின்றன. திரையைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாயை அடியில் அடைத்து அறுப்பார்கள். கட்டியுள்ள குடல் பகுதியை, அதைத் தாங்கும் மடிப்போடும் அதிலுள்ள நிணநீர் முடிச்சுகளோடும் சேர்த்துப் பிரிப்பார்கள். குறைந்தது 12 முடிச்சுகளையாவது சோதித்தால்தான் நோய் எந்த நிலை என்று நம்பிச் சொல்ல முடியும். பிரித்த துண்டு நுண்துளை வழியே வெளியே வராது. அதற்கென்று சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு போட்டே ஆக வேண்டும். அப்புறம் குடலின் இரு முனைகளையும் இணைப்பார்கள். திறந்து செய்தாலும் உள்ளே நடக்கும் வேலை இதேதான். பெயர் சொல்வது போகும் வழியை மட்டுமே.

பித்தப்பைக்குச் சட்டென்று பரவிய முறை பெருங்குடல் புற்றுநோய்க்கு வரத் தயங்கியதற்கும் காரணம் உண்டு. 1990களில் சில நோயாளிகளுக்குத் துளை போட்ட இடத்திலேயே புற்று மீண்டும் முளைத்தது. மருத்துவர்கள் பயந்துபோனார்கள். இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் வந்தபிறகுதான் அந்தப் பயம் விலகியது. 872 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2004இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது நுண்துளையில் 16 சதவீதம், திறந்ததில் 18 சதவீதம். இதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. காயத்தில் திரும்பியது இரண்டிலுமே ஒரு சதவீதத்துக்கும் கீழே. மருத்துவமனையில் தங்கியது நுண்துளையில் 5 நாள், திறந்ததில் 6 நாள். வலி மாத்திரையும் நுண்துளையில் குறைந்தது. அறுவைக்கு ஆன நேரம் மட்டும் கூடுதல்.

‘திறந்த அறுவை சிகிச்சை’ என்ற தொடர் எனக்குத் திறந்தவெளி அரங்கை நினைவூட்டுகிறது. ‘வயிறு திறந்து செய்யும் அறுவை’ என்றால் குழப்பமில்லை. இது பழைய முறை, மட்டமான முறை என்று நினைப்பதும் தவறு. கட்டி பக்கத்து உறுப்பைப் பற்றியிருந்தாலோ, அடைப்பினால் குடல் வீங்கிக் கிடந்தாலோ, குடல் கிழிந்துவிட்டிருந்தாலோ பல நேரம் இதைத்தான் முதலிலேயே தேர்ந்தெடுப்பார்கள்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது: ‘கன்வர்ஷன்’. நுண்துளையில் தொடங்கி, பழைய ஒட்டுகளோ (உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பது) ரத்தக்கசிவோ வழிமறித்தால் நடுவில் திறந்த முறைக்குப் போவது. மேலே சொன்ன ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இப்படி நடந்தது. இதை ‘மாற்று அறுவை’ என்று எழுதினால் சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று என்று மனம் வேறெங்கோ போய்விடும். ஒப்புதல் படிவத்தில் இதற்குக் கலைச்சொல்லே வேண்டாம். “தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யப்படும்” என்று நேராக எழுதினாலே போதும்.