தெரபியில் குழந்தை தேறுகிறது, குடும்பம் எப்படி இருக்கிறது?

மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயதுக் குழந்தை ஆறு மாத பிசியோதெரபிக்குப் பிறகு சாயாமல் உட்காரத் தொடங்கினால், மருத்துவக் கோப்பில் அது முன்னேற்றம். அதே ஆறு மாதத்தில் அம்மா முந்திரி ஆலை வேலையை விட்டிருக்கலாம், அக்காவின் படிப்பு பின்தங்கியிருக்கலாம், நகை அடகுக்குப் போயிருக்கலாம். இவை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. இவற்றையும் சேர்த்து, முழு வீட்டையும் ஒரே அலகாக எடுத்து அளப்பதுதான் குடும்ப வாழ்க்கைத்தர ஆய்வு.

அதற்கு உலகில் பரவலாகப் பயன்படும் கருவிகளில் ஒன்று, அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீச் மையம் உருவாக்கிய அளவுகோல். மொத்தம் 25 கூற்றுகள். குடும்ப உறவுக்கு 6, பிள்ளை வளர்ப்புக்கு 6, மன நலத்துக்கு 4, உடல் மற்றும் பொருளாதார நலத்துக்கு 5, குறைபாடு சார்ந்த உதவிக்கு 4. ஒவ்வொன்றிலும் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் தர வேண்டும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து நேரம் செலவிடுவது, அவரவர் விருப்பத்துக்கு நேரம் கிடைப்பது, செலவைச் சமாளிப்பது, தேவைப்படும்போது பல் மருத்துவம் கிடைப்பது, தெரபி தருபவர்களோடு இருக்கும் உறவு என்று கேள்விகள் போகும்.

கணக்குப் போடும் இடத்திலேயே முதல் தவறு நேர்கிறது. ஒரு குடும்பத்தின் மதிப்பெண்கள் உறவில் 4.5, வளர்ப்பில் 4, மன நலத்தில் 2, பொருளாதாரத்தில் 3, உதவியில் 2 என்று வைத்துக்கொள்வோம். 25 கூற்றுகளையும் கூட்டினால் 82, சராசரி 3.28. ஐந்து பிரிவுகளையும் சமமாக எடுத்தால் 3.1. எந்த வழியில் போட்டாலும் ‘சுமார்’ என்றே அறிக்கை சொல்லும். உண்மையில் அது பாசத்தில் குறைவில்லாத, ஆனால் கைகொடுக்க ஆளில்லாமல் தாய் நொந்துபோயிருக்கிற வீடு. உறவுக்கும் வளர்ப்புக்கும் சேர்த்து 12 கூற்றுகள் இருப்பதால், அங்கே கிடைக்கும் நல்ல மதிப்பெண் மற்ற பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. ஆகவே மொத்தச் சராசரியை மட்டும் வெளியிடக் கூடாது. ஐந்து எண்களும் தனித்தனியே அச்சாக வேண்டும்.

அடுத்தது, வேறு நாட்டுக் கேள்வித்தாளைக் குமரி மாவட்டத்து வீடுகளுக்குக் கொண்டுவரும் வேலை. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கம் செய்வார்கள். அதை ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்த்திராத மூன்றாம் நபர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இதோடு நிறுத்துகிற ஆய்வுகள் ஏராளம். அசல் சோதனை அதற்குப் பிறகுதான் இருக்கிறது: எட்டுப் பத்துத் தாய்மாரிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, ‘கேட்டதும் உங்கள் மனதில் என்ன வந்தது?’ என்று விசாரிப்பது.

போக்குவரத்து வசதி பற்றிய கூற்றையே பாருங்கள். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் என்பதால் பலரும் 4 சொல்லிவிடுவார்கள். தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கழுத்து நிற்காத ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோளில் பையோடு பஸ் மாறிப் போகும் தாயும் 4 சொல்வார், ஏனென்றால் பஸ் இருக்கிறதே. அதற்காக மூலக் கூற்றைத் திருத்திவிட்டால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. 25 கூற்றையும் தொடாமல், கூடுதலாக ஒரு தாளில் எத்தனை வண்டி மாறுகிறீர்கள், கூட யார் வருகிறார், அன்று கூலி போகிறதா என்று கேட்பதே சரி.

எந்த மாதத்தில் போய்க் கேட்கிறோம் என்பதும் எண்ணை மாற்றும். குமரியில் இது மற்ற மாவட்டங்களைவிடச் சிக்கல். சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் அப்பா வீட்டிலிருப்பார், பிள்ளையைத் தூக்க ஒரு ஆள் கூடும், வருமானம் நின்றிருக்கும். ஆழ்கடலுக்குப் போய்விட்டால் வாரக்கணக்கில் நிலைமை தலைகீழ். மலையோர ரப்பர் தோட்டங்களில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் பால்வெட்டு முடங்கும். ஜூன் மாதம் குளச்சலில் எடுத்த எண்ணையும் அக்டோபரில் திருவட்டாறில் எடுத்த எண்ணையும் அருகருகே வைத்து ஊரை ஒப்பிட்டால், கிடைக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு ஊரால், எவ்வளவு மாதத்தால் என்று பிரிக்கவே முடியாது. மறு அளவீட்டை அதே மாதத்தில் வைப்பது நல்லது.

பதில் சொல்பவர் பெரும்பாலும் அம்மா. ஆய்வின் பெயரிலோ ‘குடும்பம்’ இருக்கிறது. அப்பாவிடமும் தனியாகக் கேட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும். அவர் வளைகுடாவில் இருந்தால் வாட்ஸ்அப் அழைப்பில் கேட்கலாம். விவரம் தெரிந்த வயதில் அண்ணனோ அக்காவோ இருந்தால், பெற்றோர் சம்மதத்தோடு அவர்களிடம் வேறு எளிய கேள்விகள் கேட்கலாம். வீட்டுத் திண்ணையில், மாமியார் பக்கத்தில் இருக்க நேர்காணல் நடந்தால் எல்லாக் கேள்விக்கும் ‘குழப்பமில்ல’ (பரவாயில்லை) என்றே பதில் வரும், தாளில் 4, 4, 4 என்று ஏறும். ‘கடைசியாக நீங்கள் மட்டும் ஒரு மணி நேரம் சும்மா இருந்தது எப்போது?’ என்று தனியிடத்தில் கேட்டால் பதில் வேறாக இருக்கும். தெரபி தருபவரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ கேள்வி கேட்க அனுப்பவே கூடாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய சேவைக்கு 2 போட யாருக்கு மனம் வரும்?

பட்டியல் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தெரபி மையத்துக்கு வருபவர்களை மட்டும் எடுத்தால் வர முடியாத குடும்பங்கள் விடுபடும், அவர்களின் நிலைதான் மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் பட்டியலிலோ மிகச் சிறு குழந்தைகள் வரமாட்டார்கள், பலருக்கு நோயே இன்னும் உறுதியாகியிருக்காது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலிருந்து தொடங்கி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறியத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தின் 17 அம்ச அட்டவணையைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு திறனும் அதில் ஒரு படுக்கைக் கோடு. குழந்தையின் வயது மாதத்தில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்தால், பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துவிடும் கோடுகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் மேற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

களத்துக்குப் போகுமுன் இன்னொரு ஏற்பாடு கட்டாயம். மன நலக் கேள்விகளில் சிலர் உடைந்து அழுவார்கள். அந்த இடத்தில் தாளை மூடிவைத்துவிட வேண்டும், பதில்களின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. அரசின் மனநல உதவி அழைப்பு சேவையான டெலி மனஸின் எண் 14416 எழுதிய சீட்டு களப்பணியாளர் கையில் இருக்க வேண்டும். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர் என்று தெரிந்தால், எந்தச் சான்று வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டே எழுந்திருக்க வேண்டும். அப்படிச் சொன்னதையும் தேதியோடு குறித்துக்கொண்டால்தான், அடுத்த ஆண்டு பொருளாதாரப் பிரிவில் எண் ஏறியிருந்தால் அதற்கு இந்தப் பணமும் காரணமா என்று பார்க்க முடியும்.