தோட்டா பாய்வதில்லை

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பைப் படித்தேன். மேக்னம் என்ற அழுத்தம் கூடிய வகைக் கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டுச் சுடும் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளில், தானே தயாரித்த பூச்சுக் குண்டுகள் எப்படிப் போகின்றன என்று சோதித்துப் பார்த்த ஒருவர் எழுதியது. அதில் இப்படி இரண்டு வரி: "பூச்சிட்ட தோட்டாக்களை அடுப்பில் 200 டிகிரியில் 20 நிமிடம் சுடவும். ஆறியதும் ஒன்றை எடுத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்க்கவும்."

எனக்குப் பகீரென்றது. தோட்டாவுக்குள் வெடிமருந்து இருக்கிறது. 200 டிகிரி சூட்டில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மூலத்தில் இருந்த சொல் புல்லட். அது வெறும் ஈயக்கட்டி, மருந்தோடு இன்னும் சேராதது. அதன் மேல் பொடிப் பூச்சு ஏற்றி, அடுப்பில் வைத்து இறுக்கி, பூச்சு நன்றாகப் பிடித்ததா என்று நசுக்கிப் பார்க்கிறார்கள். பூச்சு உதிராமல் ஈயத்தோடு சேர்ந்தே நசுங்கினால் நல்ல பிடிப்பு. மூலத்தில் வெடிக்கும் ஆபத்தே இல்லாத ஒரு வேலை, தமிழில் கையையும் கண்ணையும் பறிக்கக்கூடிய வேலையாக மாறிவிட்டது. புல்லட்டுக்குத் தோட்டா என்று போட்டதுதான் காரணம்.

இந்தத் தவறு அந்த மொழிபெயர்ப்பாளரோடு பிறந்தது இல்லை. "மார்பில் தோட்டா பாய்ந்தது", "உடலிலிருந்து இரண்டு தோட்டாக்கள் அகற்றப்பட்டன" என்று செய்திகளில் எத்தனை முறை கேட்டாயிற்று! தோட்டா எங்கும் பாய்வதில்லை. அது துப்பாக்கிக்குள் போகும், வெடிக்கும், அதன் கூடு வெறும் பித்தளையாக அங்கேயே நிற்கும் அல்லது பக்கத்தில் தெறித்து விழும். பாய்வது அதன் தலையில் இருந்த குண்டு மட்டும்.

தோட்டா உருதுவின் டோட்டாவிலிருந்து வந்தது. தெலுங்கில் தூட்டா என்பார்கள். முதலில் அது மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டிய ஒரு சின்னப் பொட்டலம். பாறையில் துளை போட்டு வைக்கும் வெடிக்கும் இதே பெயர் உண்டு. அதில் பாய்வதற்குக் குண்டே கிடையாது, ஆனாலும் அது தோட்டாதான். ஆக, மருந்து அடைத்த பொட்டலம் என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். 1857 கிளர்ச்சியைப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் கொழுப்புத் தடவிய தோட்டா நினைவிருக்கும். என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். கடித்தது காகிதத்தை. நம் பாடநூல்கள் அங்கே தோட்டா என்று மிகச் சரியாக எழுதின. அந்த இடத்தில் குண்டு என்று எழுதியிருந்தால் கதையே புரிந்திருக்காது.

இன்றைய தோட்டாவில் காகிதத்துக்குப் பதில் பித்தளைக் கூடு. அடியில் தட்டினால் பொறி தரும் சின்னக் கேப்பு, நடுவில் புகையில்லா மருந்து, வாயில் குண்டு. நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா.

இனி குண்டு. புல்லட் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, சின்ன உருண்டை என்று பொருள். தமிழில் குண்டு என்றாலும் உருண்டைதான். குண்டுக் கன்னமும் குண்டு எறிதலும் இதே சொல்லில் பிறந்தவை. ஜெர்மானியர்களும் உருண்டைக்குச் சொல்லும் கூகெல் என்ற சொல்லையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். இப்படிப் பொருந்தி வரும் சொல் கையில் இருக்கும்போது அதை ஏன் ஒதுக்க வேண்டும்?

இரண்டு காரணம் சொல்கிறார்கள். இப்போதைய குண்டு உருண்டையாக இல்லையே என்பது ஒன்று. சரி, 1849-இல் பிரெஞ்சுக்காரர் மினியே கூம்பு வடிவக் குண்டைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் ஆங்கிலேயர் அதைப் பந்து என்றே அழைத்தார்கள். இன்றும் படைகளின் சாதாரணத் தோட்டாவுக்குப் பந்து என்ற பெயர்தான் முத்திரை. வடிவம் மாறியதற்காக அவர்கள் சொல்லைத் தூக்கி எறியவில்லை. இன்னொரு காரணம், குண்டு என்றால் வெடிகுண்டு என்று நினைத்துவிடுவார்கள் என்பது. "குண்டடி பட்டான்" என்று கேட்டு யாராவது அணுகுண்டை நினைத்தார்களா? "தோட்டாவடி பட்டான்" என்று எந்தத் தமிழராவது சொன்னதுண்டா? பேசும் மக்கள் இந்த வேறுபாட்டை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள். குழப்பம் எழுதுகிறவர்கள் பக்கமிருந்து வந்தது. சந்தேகம் வரும் இடத்தில் துப்பாக்கிக் குண்டு என்று நீட்டி எழுதினால் போகிறது.

எறிபொருள் என்று எழுத வேண்டும் என்கிற கட்சி ஒன்று உண்டு. அதை நான் ஏற்கவே மாட்டேன். இயற்பியலில் எறிபொருள் என்றால் எறியப்பட்ட எதுவும்: கல், பந்து, ஈட்டி, எல்லாம். அங்கே அது நல்ல சொல். அதையே துப்பாக்கிக்குக் கொண்டுவந்து, "எறிபொருளின் மேற்பூச்சைச் சரிபார்க்கவும்" என்று எழுதினால், படிக்கிறவர் தன் கையில் இருப்பது எதுவென்று ஒரு நொடி தேட வேண்டும். தூய்மை வேண்டும் என்று இதை முன்வைக்கிறார்கள். குண்டை விடத் தூய தமிழ் இதில் என்ன இருக்கிறது? வழக்கில் உயிரோடு இருக்கும் எளிய சொல்லைத் தள்ளிவிட்டு, கூட்டுச் சொல் ஒன்றைச் செய்து வைப்பது தமிழ்த்தொண்டு ஆகாது.

ஈழத்து வழக்கை மட்டும் மரியாதையோடு தனியே சொல்ல வேண்டும். அங்கே ரவை, சன்னம், கோது என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. முழுசாக இருப்பது ரவை, பாய்ந்து துளைப்பது சன்னம், சுட்ட பின் கிடப்பது வெற்றுக் கோது. எவ்வளவு தெளிவு! தமிழ்நாட்டு வாசகர் சன்னம் என்றால் மெல்லியது என்றும் ரவை என்றால் உப்புமா என்றும் எடுத்துக்கொள்வார் என்பதால் அவ்விரண்டையும் எல்லாருக்கும் பொதுவாக்க முடியாது. ஆனால் கோது நமக்கும் பழக்கமான சொல். புளியங்கோது என்கிறோமே. பித்தளைக் கூட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். "வெற்றுத் தோட்டா" என்று எழுதும் பழக்கமாவது ஒழியும்.

அப்புறம் "கையால் ஏற்றிய". நான் படித்த அந்த மொழிபெயர்ப்புக் கட்டுரை முழுக்க இது வருகிறது. கையால் ஏற்றிய தோட்டா என்றால், துப்பாக்கிக்குள் ஒவ்வொன்றாகக் கையால் போட்டது என்றுதான் தமிழில் பொருள்படும். மூலத்தில் சொன்னது வேறு: கோது, கேப்பு, மருந்து, குண்டு என்று பாகங்களை வாங்கி, ஆலையை நம்பாமல், தானே அளந்து சேர்த்துச் செய்தது. இதற்குத் தமிழில் அழகான வினை இருக்கிறது. வெடி கட்டுகிறோம், பட்டாசு கட்டுகிறோம். அதுபோலத் தோட்டாவும் கட்டலாம். கைக்கட்டுத் தோட்டா. பழைய துப்பாக்கியின் வாய்வழியே மருந்தை இடித்து அடைப்பதற்குக் கெட்டித்தல் என்று தனி வினையே உண்டு. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்த மொழியில் எல்லாவற்றுக்கும் "ஏற்று" என்று ஒரே வினையைப் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பூச்சிலும் கலப்படம். அதே கட்டுரையில் ஒரு பத்தியில் பூச்சு, அடுத்ததில் முலாம், அதற்கடுத்ததில் கவசம். மூன்றும் வெவ்வேறு குண்டுகள். ஈயத்தின் மேல் மின்சாரத்தால் செம்பைப் படியவைத்தால் முலாம். செம்புக் கலவைத் தகட்டால் போர்த்துவதைத்தான் மொழிபெயர்ப்பாளர் கவசம் என்கிறார், நான் சட்டை என்பேன். பாம்புச் சட்டை என்கிறோமே, அதுபோல. வண்ணப்பொடியையோ பாலிமரையோ தடவி இறுக்கினால் பூச்சு. சோதனையே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. கார்பைனின் குழல் கைத்துப்பாக்கிக் குழலை விட மிக நீளம். மேக்னம் தோட்டாவிலிருந்து கிளம்பும் குண்டு அதில் இன்னும் வேகம் எடுக்கும். அந்த வேகத்தையும் சூட்டையும் பூச்சு தாங்குகிறதா, அல்லது கிழிந்து ஈயம் குழலின் உட்புறம் வெட்டிய வரிப்பள்ளங்களில் அப்பிக்கொள்கிறதா என்பதுதான் மூலத்தை எழுதியவர் தேடிய விடை. சட்டை போட்ட குண்டில் ஈயம் குழலைத் தொடாது, இந்தக் கேள்வியே எழாது. சொல்லை மாற்றிப் போட்டால் அவர் எதற்காக மெனக்கெட்டார் என்பதே தெரியாமல் போகிறது.

மேக்னத்தை "பெரிய குண்டு" என்று பெயர்த்ததும் இதே நோய்தான். மேக்னம் லத்தீனில் பெரியது. பெரிய மது பாட்டிலுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் 1935-இல் வந்த .357 மேக்னம் தோட்டாவின் குண்டும் பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டும் ஒரே விட்டம். நீண்டது கோது, கூடியது அழுத்தம். பெரிதானது தோட்டா. குண்டையும் தோட்டாவையும் ஒன்றாக்கிவிட்ட பிறகு இதைத் தமிழில் எப்படி விளக்குவது? மேக்னம் என்றே விட்டுவிடலாம், பெயர்தானே. கார்பைனும் அப்படியே இருக்கட்டும். குதிரை வீரர்களுக்காகக் குறுக்கிய துப்பாக்கி அது. குறுந்துப்பாக்கி என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

அந்த இரண்டு வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்: "பூச்சிட்ட ஈயக்குண்டுகளை, தோட்டாவாகக் கட்டுவதற்கு முன், அடுப்பில் 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்து இறுக்கவும். ஆறியதும் ஒரு குண்டைச் சுத்தியலால் நசுக்கி, பூச்சு உதிர்கிறதா என்று பார்க்கவும்."