மணலுக்குள் நஞ்சு எப்படி நகர்கிறது?

தனுஷ்கோடிப் பக்கம் கடலை ஒட்டி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அந்த ஊத்தில் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிப் பழகியவர்களுக்கு இது தினப்படி விஷயம். மணலில் இறங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1 கிலோ, கடல்நீர் சுமார் 1.025 கிலோ. இந்தச் சின்ன வித்தியாசம் போதும்: கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை அது இருக்க முடியும்.

ஊத்தைப் பற்றித் தெரிந்த ஊரில், தொழிற்சாலைக் கழிவு நிலத்தடியில் என்ன செய்கிறது, அதை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம். சுத்திகரிப்பு நடக்கும் எந்த இடமும் சுற்றியிருக்கும் மக்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள ஹான்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்க 1943இல் கட்டத் தொடங்கிய இடம் அது. உலைகளைக் குளிர்விக்கும் தண்ணீரில், குழாய் அரிக்காமலிருக்க சோடியம் டைகுரோமேட்டைக் கலந்தார்கள். அது சிந்தியும் கசிந்தும் நிலத்தடிக்குப் போனது. டைகுரோமேட்டில் இருக்கும் குரோமியம் 6 இணைதிறன் கொண்ட நச்சு வடிவம்; தண்ணீரில் எளிதில் கரையும். தண்ணீர் போகும் பக்கமெல்லாம் கூடவே போகும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலை வளாகத்தில் குவிந்த கழிவின் பிரச்சினையும் இதே குரோமியம்தான்.

அமெரிக்காவில் குடிநீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை குரோமியம் இருக்கலாம். ஹான்ஃபோர்டு சுத்திகரிப்பில் ஆற்று உயிர்களுக்காக வைத்த வரம்போ 10தான். சால்மன் மீன் ஆற்றடிக் கூழாங்கற்களுக்குள் முட்டையிடுகிறது; நிலத்தடி நீர் ஊறி வருவதும் அந்தக் கற்களின் வழியாகத்தான். மனிதர் குடிக்கலாம் என்று விட்ட தண்ணீர் மீன்குஞ்சைக் கொன்றுவிடலாம். மீனை நம்பி வாழும் பாம்பன், தங்கச்சிமடத்துக்காரர்கள் முதலில் கேட்கப்போவதும் "மீனுக்கு என்ன ஆகும்?" என்றுதான் இருக்கும்.

சுத்தம் செய்யும் முறை கேட்க எளிது. கிணறு போட்டு நஞ்சு கலந்த நீரை இறைப்பார்கள். பிசின் மணிகள் நிரம்பிய தொட்டிக்குள் அதை விடுவார்கள். மணிகள் தம்மிடமுள்ள குளோரைடு போன்ற அயனியைக் கொடுத்துவிட்டு, நீரில் குரோமியம் இருக்கும் வடிவமான குரோமேட்டைப் பிடித்துக்கொள்ளும். சுத்தமான நீரைத் திரும்பவும் நிலத்துக்குள் செலுத்துவார்கள். சரி, இவ்வளவுதானே, ஏன் பல பத்தாண்டுகளாக இழுக்கிறது? ஹான்ஃபோர்டைச் சுத்தம் செய்ய 1989இல் ஒப்பந்தம் போட்டார்கள். வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

வகுப்பறையில் இதற்கு விடை காட்டலாம். நெருக்கமாக நிறுத்திய இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மணல், களிமண், மீண்டும் மணல் என்று அடுக்கி, தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழல்களைக் கிணறுகளாகச் செருக வேண்டும். ஒரு மூலையில் உணவுச் சாயம் விட்டால், அது வால்போல நீண்டு சரிவுப் பக்கம் நகர்வது தெரியும். எதிர்முனைக் கிணற்றில் ஊசிக்குழலால் இறைத்தால் சாயம் அங்கே வளைந்து வரும். இறைக்க இறைக்க மணல் தெளிந்துவிடும். அப்புறம் இறைப்பதை நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்தால், களிமண்ணுக்குள் ஊடுருவிப்போன சாயம் மெதுவாகக் கசிந்து மணலில் மறுபடி தலைகாட்டும். கிணற்று நீர் ஒருமுறை சுத்தமாக வந்ததும் "முடிந்தது" என்று யாராவது அறிவித்தால் ஏன் நம்பக்கூடாது என்பதை இந்தக் கண்ணாடித் தொட்டியைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த முறையை நம் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. மேலே நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால், கீழிருந்து கடல்நீர் காலப்போக்கில் 40 செ.மீ. வரை ஏறக்கூடும். குரோமியத்தை எடுக்கப்போய் உப்பை வரவழைத்ததாகிவிடும். அதே கண்ணாடித் தொட்டியின் அடியில் சாயமிட்ட உப்புநீரை விட்டு, கிணற்றில் வேகமாக இறைத்தால் அது கூம்பாக எழும்புவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அங்கே தேசியப் பட்டியலில் உள்ள மாசுபட்ட இடங்களின் அருகில் வாழும் மக்கள் குழு, தொடக்கத்தில் 50,000 டாலர் வரை அரசு உதவி பெற்று, தங்களுக்கென்று ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ளலாம். சுத்திகரிப்பவர் தரும் அறிக்கையை அவர் படித்து, மக்களுக்குப் புரியும்படி சொல்வார். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். பாம்பனில் மீனவர்களுக்கென்று 'கடல் ஓசை' வானொலி இருக்கிறது. கேட்கவும் சொல்லவும் இடம் இல்லாமல் இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கையடக்க டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைச் சொல்லும் கருவி) உப்பைத்தான் காட்டும். குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது என்கிறது இந்தியத் தர அளவு. குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். 500க்குள் இந்த 0.05ஐ அந்த மீட்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்கு ஆய்வகம்தான் வழி. மாதிரி எடுக்கும்போது ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் தேங்கிய நீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக வரும் நீரைச் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். இடம், தேதி, ஆழம் மூன்றையும் பாட்டிலிலேயே எழுதிவிட வேண்டும்.