காரை நிறுத்துவது டயர்; பிரேக்கின் வேலை வேறு

குன்னூரிலிருந்து இறங்கி மலையடிவாரத்துக் கல்லாறு வந்து சேர்ந்தபோது என் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. மிதிக்க மிதிக்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடுத்தடுத்து மூன்று முறை மிதித்த பிறகுதான் கார் நின்றது. முன்சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. உள்ளே நாங்கள் ஐந்து பேர். ஓரமாக நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் உடையவில்லை, எங்கும் கசிவில்லை என்றார்.

எதுவும் உடையாமலே பிரேக் எப்படிக் கைவிட்டது? இந்தக் கேள்விதான் என்னை வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை நானே மேம்படுத்தும் வேலைக்கு இழுத்துவந்தது. துளை போட்ட டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு), சிவப்பு வண்ணக் கேலிப்பர் (அந்தத் தட்டைக் கவ்வும் பிடி), பந்தயப் பேட் (பிடிக்குள் இருந்து தட்டில் உரசும் கட்டை) என்று 'பெர்ஃபாமன்ஸ்' பாகங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. இவற்றில் எது குடும்பக் காருக்கு உதவும் என்பதைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. பிரேக் என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும், முடிவு தானாக வந்துவிடும்.

ஓடும் காரிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. அதை வேறு எங்காவது கொட்டினால்தான் கார் நிற்கும். பேட் டிஸ்கைக் கவ்வும்போது அந்த ஆற்றல் உரசலில் வெப்பமாக மாறுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,250 கிலோ இருக்கும் ஒரு சிறிய கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் அதனிடம் சுமார் 4.8 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கும். அதை 4 விநாடியில் நிறுத்தினால் பிரேக்குகள் சராசரியாக 120 கிலோவாட் திறனில் வேலை செய்கின்றன. அந்தக் காரின் இன்ஜினால் முழு மூச்சாக 60, 65 கிலோவாட்தான் தர முடியும். காரில் மிகவும் வலிமையான இயந்திரம் இன்ஜின் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது பிரேக்.

பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே நிறுத்தத்தில் டிஸ்கின் சூடு 70 டிகிரி ஏறும். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. அடுத்த சிக்னல் வருவதற்குள் காற்று பட்டு ஆறிவிடும்.

மலைப்பாதையில் கணக்கே வேறு. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 325 மீட்டரில். இடையில் 1,500 மீட்டர் இறக்கம். அதே 1,250 கிலோ கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் 1.8 கோடி ஜூலுக்கு மேல். குழாய்த் தண்ணீர் 58 லிட்டரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு. 100 கி.மீ. வேகத்திலிருந்து 38 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். டயர் உருளும் உரசலும் காற்றின் தடையும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினோ பிரேக்கோ வாங்கித்தான் ஆக வேண்டும்.

'ஏறின கியரிலேயே இறங்கு' என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. காற்று வரும் வழி மூடிய நிலையில் பிஸ்டன்கள் காற்றை இழுக்கத் திணறும். அந்தத் திணறலில் ஆற்றல் கரைந்து, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். காசு செலவில்லாத முதல் பிரேக் மேம்பாடு இதுதான். அன்று நான் நான்காவது கியரில் இறங்கினேன்.

இனி டயர். 80 கி.மீ. வேகத்தில் போகும் கார், காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரோடு, சுமார் 32 மீட்டரில் நிற்கும். வேகத்தை விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றி, அதன் வர்க்கத்தை, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு எண்ணாலும் புவியீர்ப்பாலும் வகுத்து, பாதியாக்கினால் இந்த எண் கிடைக்கும். இந்தக் கணக்கில் டிஸ்கின் அளவுக்கு இடமே இல்லை. கேலிப்பரில் எத்தனை பிஸ்டன் என்பதற்கும் இடமில்லை. உங்கள் கார் பழைய பிரேக்கிலேயே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு, அல்லது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அதைவிடப் பெரிய பிரேக் போட்டாலும் அந்த முதல் நிறுத்தம் ஓரடிகூடக் குறையாது. சாலையைப் பிடிப்பது டயர். அது எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான். வழுவழுவென்று தேய்ந்த டயரோடு ஓடும் காருக்கு 40,000 ரூபாய் செலவில் டிஸ்க் மாற்றத் திட்டமிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. முதலில் டயரை மாற்றுங்கள்.

அப்படியானால் நல்ல பிரேக் பாகம் எதற்கு? பத்தாவது நிறுத்தமும் முதல் நிறுத்தம் போலவே இருப்பதற்கு. வெப்பம் ஏறியும் கைவிடாமல் இருப்பதற்கு.

கல்லாற்றில் என் பெடல் பஞ்சானதற்குக் காரணம், நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம். உண்மையில் அது எண்ணெய் இல்லை, கிளைகால் ஈதர் வகை. பெடலை மிதித்தால் அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் உண்டாகி, அது குறையாமல் கேலிப்பர் பிஸ்டன் வரை போய்ச் சேரும். மாஸ்டர் சிலிண்டர் 20 மி.மீ. விட்டம், கேலிப்பர் பிஸ்டன் 54 மி.மீ. என்றால் விசை 7 மடங்குக்கு மேல் பெருகும். பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கிய அதே விதிதான். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. திரவம் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டால்? குமிழி சுருங்கும். உங்கள் காலின் விசை குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் கெட்டியாகிவிடும். மெக்கானிக்கின் கண்ணுக்கு எந்தக் கோளாறும் தெரியாமல் போனது அதனால்தான்.

இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெதுவாக உள்ளே இறங்கும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, அதுதான் விதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் தேவைப்படும் எல்லை 155 டிகிரிதான். டாட் 3-க்கு இவை 205, 140, டாட் 5.1-க்கு 260, 180. என் காரில் நான்கு வருடமாக ஒரே ஆயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருந்தது. சில நூறு ரூபாய்ப் பொருள் இது. குடும்பக் காருக்கு இதைவிடப் பலன் தரும் பிரேக் செலவு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கிறது. அது சிலிகோன் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

அடுத்து பேட். பல பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு எண், இரண்டாவது கடும் சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து கீழே இறங்கியிருந்தால், சூட்டில் பிடி குறையும் பேட் அது. சாதாரண பேட்டை அளவுக்கு மேல் சூடேற்றினால் அதைப் பிணைத்திருக்கும் பிசின் ஆவியாகி, பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் மெத்தைபோல நிற்கும். இது ஆயில் கொதிப்பதிலிருந்து வேறுபட்டது. பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. கருகல் வாடைக்குக் காரணமும் இதுதான்.

அதற்காகப் பந்தயப் பேட் போட்டுவிடலாமா? வேண்டாம். அது நன்றாகச் சூடான பிறகுதான் கடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது, குளிர்ந்த டிஸ்கில், தெருமுனையில் முதல் முறை மிதிக்கும்போது அது வழுக்கும். நமக்கு வேண்டியது குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி பிடிக்கிற, சாலைக்கென்று செய்த தரமான பேட். அதற்கு வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் ரானே என்று சென்னையே 1960-களிலிருந்து இந்தத் தொழிலில் ஊறிய ஊர்.

டிஸ்க் பிரேக்குக்கு பிரிட்டனின் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கினார். ஆனால் அதன் அருமை உலகத்துக்குப் புரிந்தது 1953-இல், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றபோது. டிரம் பிரேக்கில், சுழலும் உருளையான டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை உரசும் ஷூவை விட்டு விலகிப் போகும். டிஸ்க் சூடானால் தடித்து பேட்டை நோக்கி வரும். அதோடு டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். இரட்டைத் தகடு வைத்த டிஸ்கில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் காற்று பாயும், ஒரு விசிறியைப்போல. உங்கள் காரின் அடிப்படை மாடலில் ஒற்றைத் தகடு டிஸ்க், உயர் மாடலில் இரட்டைத் தகடு டிஸ்க் என்றிருந்தால், அந்த நிறுவனத்தின் உயர் மாடல் பாகங்களை டிஸ்க், கேலிப்பர், பிராக்கெட் என முழு செட்டாகப் போடுவது அர்த்தமுள்ள மேம்பாடு.

துளை போட்ட டிஸ்க் வேண்டாம் என்பேன். வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வது இரும்பின் எடை. துளை போட்டால் எடை குறைகிறது. துளையின் ஓரத்தில்தான் வெடிப்பும் தொடங்கும். பெரிய பிஸ்டன் கேலிப்பரிலும் சிக்கல் இருக்கிறது. முன்பக்கத்தின் பங்கு கூடிப்போகும், பின்சக்கரங்கள் சும்மா இருக்கும், பெடலும் ஆழமாக இறங்கும். நிறுவனம் கணக்கிட்டு வைத்த முன்-பின் சமநிலையை மாற்றிவிட்டால், நிற்கும் தூரம் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம்.

இனி வாசலில் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் எதையும் செய்யாதீர்கள். காரைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கல்லும் வேண்டும். கேலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். டிஸ்க் உட்காரும் ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்தெடுங்கள். அங்கே ஒரு துருச்செதில் மாட்டினாலும் விளிம்பில் டிஸ்க் தள்ளாடும், சில ஆயிரம் கி.மீ. கழித்துப் பெடல் அதிரத் தொடங்கும். கேலிப்பர் சறுக்கி நகரும் கம்பிகளான பின்களை வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் மட்டும் தடவுங்கள். என் காரில் இடப்பக்கம் இந்தப் பின்களில் ஒன்று துருவேறி இறுகி, உள்பக்க பேட் மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. எந்த விலையுயர்ந்த பாகமும் இதைச் சரிசெய்திருக்காது. போல்ட்களை, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள்.

ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். என் மகள் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள், நான் சக்கரத்துக்கு அருகில் ஒளிபுகும் குழாயும் பாட்டிலுமாக.

"மிதிச்சுட்டேன்ப்பா."

"விடாம பிடிச்சுக்கோம்மா." கேலிப்பரில் ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்தேன். பழுப்பாக ஆயில் வந்தது, இடையிடையே குமிழி. மூடினேன். "இப்ப விடு."

ஒவ்வொரு சக்கரத்திலும், திரவம் வெளிர்மஞ்சளாகத் தெளிந்து குமிழி நிற்கும் வரை இதேதான். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்ற வரிசை காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் வற்றவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். வற்றினால் காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டிவரும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும். எல்லாம் முடிந்து காரை நகர்த்துவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பேட் மாற்றும்போது பின்னால் தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேட்டைத் தொட வேண்டும். இதை மறந்துவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பெடல் கெட்டியாகவே இல்லை என்றால் காரைக் கிளப்பாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

புது பேட் போட்ட அன்றே மலைக்குக் கிளம்பக் கூடாது, முதலில் அதை டிஸ்கோடு பழக்க வேண்டும். விடியற்காலை ஆளில்லாத சாலைக்குப் போனேன். பேட் நிறுவனம் சொன்னபடி, 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை மிதமாகப் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் டிஸ்க் ஆறக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். கடைசியில் பிரேக்கைத் தொடாமலே ஐந்தாறு கி.மீ. வீட்டுக்கு வந்து டிஸ்கைப் பார்த்தபோது பளபளப்பு போய், சீரான சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தது. அது பேட்டின் பொருளேதான், டிஸ்கின் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. இனிமேல் பிரேக் பிடிக்கும்போது பேட் பெரும்பாலும் இந்தப் படலத்தோடுதான் ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து காரை நிதானப்படுத்தும்.