சொல் விளக்கம்: ஜர்னல் – ஆய்விதழ்

கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்விக்கு வந்துவிடும்: “ஜர்னல்ல பேப்பர் வந்துருச்சா?” பதவி உயர்வு, ஆய்வுப் பட்டம் என்று பலவும் இந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு எது சரியான சொல் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஜர்னல் என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே இருப்பது ‘நாள்’. லத்தீனில் ‘டியேஸ்’ என்றால் நாள். அதிலிருந்து ‘டியுர்னாலிஸ்’, அதாவது அன்றாடத்துக்குரியது. பிரெஞ்சு மொழி வழியாக வந்தபோது அது ‘ஜூர்னால்’ ஆகி, ஆங்கிலத்தில் ஜர்னல் ஆனது. பயணத்தைக் குறிக்கும் ‘ஜர்னி’யும் இதே வேர்தான், முதலில் அது ஒரு நாளில் நடந்து கடக்கும் தூரத்தைக் குறித்தது. செய்தித்தாளில் எழுதுபவர் ஜர்னலிஸ்ட் ஆனதற்கும் இதுவே காரணம். வணிகவியல் மாணவர்கள் ‘குறிப்பேடு’ என்று படிப்பதும் ஜர்னல்தான். அன்றன்றைய வரவு செலவை அதில் நாள்வாரியாகப் பதிந்துவிட்டுத்தான் பேரேட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அப்படியானால் ஜர்னலை நேராகத் தமிழாக்கினால் ‘நாளேடு’ என்றுதான் வர வேண்டும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் எழுதும் ஜர்னல் மாதம் ஒருமுறையோ, காலாண்டுக்கு ஒருமுறையோ, ஆண்டுக்கு இருமுறையோதான் வருகிறது. அப்புறம் அதற்குள் நாள் எப்படி வந்தது?

1665 ஜனவரி 5 அன்று பாரிசில் தெனி த சாலோ என்பவர் ஒரு வார இதழைத் தொடங்கினார். பெயர் ‘ஜூர்னால் தே சாவான்’. அறிஞர்களின் நாளேடு என்று பொருள். புதிய நூல்கள், கண்டுபிடிப்புகள், கற்றோர் உலகச் செய்திகள் அதில் வந்தன. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 6 அன்று, லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘பிலாசபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழை வெளியிட்டார். பெயரில் ஜர்னல் இல்லை. ஆனால் இன்று நாம் ஜர்னல் என்று சொல்லும் பொருளுக்கு அச்சு அசலான முன்னோடி இதுதான். அந்த ஆண்டு லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது சில இதழ்களை ஆக்ஸ்போர்டில் அச்சிட வேண்டியிருந்தது. 1667இல் ஓல்டன்பர்க்கை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். வெளிநாட்டாருடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து சந்தேகத்துக்கு உள்ளானது. விடுதலையான பிறகும் இதழை விடவில்லை.

அவர் தீர்க்க முயன்ற சிக்கலைத் தெரிந்துகொண்டால்தான் சொல்லின் முழுப் பொருளும் பிடிபடும். அன்றைய அறிவியலாளர்கள் கண்டுபிடித்ததை வெளியே சொல்லப் பயந்தார்கள். சொன்னால் இன்னொருவர் தமதென்று சொல்லிக்கொள்வார். சொல்லாவிட்டாலோ, பின்னால் யாராவது அதையே கண்டுபிடித்துப் பெயர் வாங்கிப் போய்விடுவார். இதற்கு அவர்கள் கண்ட வழி எழுத்துகளைக் கலைத்துப் போடுவது. 1610இல் கலிலியோ சனிக்கோளைப் பற்றித் தாம் கண்டதை ஒரு லத்தீன் வாக்கியமாக எழுதி, எழுத்துகளை முன்பின்னாக மாற்றி அனுப்பினார். வானியலாளர் கெப்ளர் அதை அவிழ்க்கப் பார்த்து, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு என்று தவறாகப் படித்தார். 1676இல் ராபர்ட் ஹூக் தம் சுருள்வில் விதியை அகரவரிசையில் அடுக்கிய வெறும் எழுத்துகளாக அச்சிட்டார். ‘நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு’ என்ற அதன் பொருளை 1678இல்தான் வெளியே சொன்னார். பள்ளியில் நாம் படிக்கும் ஹூக் விதி இரண்டு ஆண்டுகள் இப்படிப் பூட்டிக் கிடந்திருக்கிறது.

ஓல்டன்பர்க்கின் வழி எளியது. கடிதத்தை அனுப்புங்கள், வந்த நாளைப் பதிகிறோம், அச்சிடுகிறோம், முதலில் சொன்னவர் நீங்கள்தான் என்பதற்கு அதுவே சாட்சி. ஒளித்து வைத்துக் காத்த உரிமையை வெளியிட்டுக் காக்கலாம் என்றானது. அறிவியல் வரலாற்றில் இதைவிடப் பெரிய ஏற்பாடு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஜர்னலுக்குள் இருக்கும் நாள் அது வெளிவரும் நாள் அல்ல, கண்டுபிடிப்புக்கு உரிமை சொல்லும் நாள் என்றே நான் படிக்கிறேன்.

அந்த நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ஒளிச்சிதறலில் தாம் தேடியதைக் கண்டார். மார்ச் 16இல் பெங்களூரில் உரை நிகழ்த்தினார். அந்த உரை அவரே தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் உடனே அச்சானது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் இதே விளைவை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய கட்டுரை சில மாதங்கள் கழித்துத்தான் வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்ததற்கு இந்த நாள்கணக்கு ஒரு பெரிய காரணம். கைக்கெட்டும் தூரத்தில் சொந்த ஆய்விதழ் ஒன்று இருந்தது ராமனுக்கு எவ்வளவு பெரிய பலம்!

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நம்மிடம் பல சொற்கள் புழங்குகின்றன. பத்திரிகை என்பது இலையைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. இன்று அது பொதுவாகச் செய்தித்தாளையும் வார மாத வெளியீடுகளையும் குறிக்கிறது. சஞ்சிகை இலங்கையில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். அங்கே ‘ஆய்வுச் சஞ்சிகை’ என்றால் எல்லோருக்கும் புரியும். அதை மாற்றச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. சிலர் ஜர்னலை ஆய்வேடு என்று எழுதுகிறார்கள். இது குழப்பம் தரும், தவிர்ப்பது நல்லது. முனைவர் பட்டத்துக்காக ஒருவர் எழுதித் தரும் நூல்தான் ஆய்வேடு. பலருடைய கட்டுரைகளைத் தாங்கிக் குறித்த கால இடைவெளியில் வருவது ஆய்விதழ்.

ஆய்விதழ் என்ற சொல்லின் இரண்டு பாதிகளும் எனக்கு மிகவும் பிடித்தவை.

இதழ் என்றால் பூவிதழ். அதை வெளியீட்டுக்கு ஆக்கிக்கொண்ட நம் முன்னோர் அத்தோடு நிற்கவில்லை. ஓராண்டுத் தொகுப்பை ‘மலர்’ என்றும், அதில் ஒவ்வொன்றையும் ‘இதழ்’ என்றும் எண்ணிட்டார்கள். மலர் 3, இதழ் 7 என்று பழைய அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925இல் தொடங்கிய ‘தமிழ்ப்பொழில்’ இன்னொரு படி மேலே போய், தொகுதியைத் ‘துணர்’ என்றும் அதன் பகுதியை ‘மலர்’ என்றும் குறித்தது. துணர் என்றால் பூங்கொத்து. பொழிலில் பூங்கொத்து, கொத்தில் பூ. 1923இல் பிறந்த ‘செந்தமிழ்ச் செல்வி’ பெண் பெயர் கொண்டதால், தொகுதி ‘சிலம்பு’ ஆனது, உள்ளே இருப்பது ‘பரல்’ ஆனது. தொகுதி எண், வெளியீட்டு எண் என்ற வறண்ட நூலகக் கணக்கை இத்தனை அழகாக எழுதிய மொழி நம்முடையது.

‘ஆய்’ என்ற பாதி இன்னும் ஆழமானது. தொல்காப்பிய உரியியல் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் ஆகிய நான்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது. இருப்பதையே மேலும் நுணுகச் செய்வது ஆய்தல். வீட்டில் கீரை ஆய்கிறோமே, அதே சொல்தான். பழுத்த இலையும் பூச்சி அரித்த இலையும் போக நல்லதை மட்டும் எடுப்பது. ஆய்விதழ் ஆசிரியரின் வேலையும் அதுதான். 1911இல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அவர் எழுதும் முறை மற்றவர்களுக்குப் புரியாத அளவு சுருக்கமாக இருந்ததால், கைப்பிரதி ஆசிரியருக்கும் அவருக்கும் இடையே திரும்பத் திரும்பப் போய்வந்தது. இங்கிலாந்துக் கணிதர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது அதற்குப் பிறகு, 1913இல்.

இப்படி ஆய்வதற்காகக் கட்டுரையைத் துறை அறிந்த வேறு சிலருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதை ‘பியர் ரிவியூ’ என்கிறார்கள். சக மதிப்பாய்வு என்றும் ஒத்தோர் மதிப்பீடு என்றும் எழுதுகிறோம். துறையறிஞர் மதிப்பாய்வு என்றால் கேட்டவுடன் விளங்கும் என்பது என் எண்ணம். இது ஆய்விதழோடு கூடவே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழ் 1973இல்தான் இதைக் கட்டாய நடைமுறை ஆக்கியது. 1936இல் ‘பிசிக்கல் ரிவியூ’ தம் கட்டுரையைக் கேட்காமல் வேறொருவருக்கு அனுப்பியது என்று கோபப்பட்ட ஐன்ஸ்டைன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நமக்கு இந்த எண்ணம் புதிதல்ல. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் ‘அரில்தப’, அதாவது குற்றம் நீங்க, ஆராயப்பட்டது என்கிறது பனம்பாரனாரின் பாயிரம். அரங்கேற்றம் என்பதே அவையோர் கேள்விக்கு ஆசிரியர் நேரில் பதில் சொல்லும் மதிப்பாய்வுதானே!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆய்விதழ் பெரிய வணிகமானது. எழுதுகிறவருக்கும் மதிப்பிடுகிறவருக்கும் பணம் கிடையாது. சந்தாவோ ஏறிக்கொண்டே போனது. ராபர்ட் மேக்ஸ்வெல்லின் பெர்கமான் என்ற பதிப்பு நிறுவனம் இதில் முன்னோடி. 1991இல் அதை எல்செவியர் என்ற இன்னொரு பதிப்பு நிறுவனம் வாங்கியது. அதே 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோசில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலர், அச்சேறாத கட்டுரைகளை யாரும் படிக்கும்படி கணினியில் வைத்தார். அதுதான் இன்றைய ‘ஆர்க்கைவ்’. 2002 நவம்பர் தொடங்கி ரஷ்யக் கணிதர் பெரெல்மான், புவாங்கரே ஊகம் என்ற புகழ்பெற்ற கணிதச் சிக்கலுக்கான நிரூபணத்தை அங்கேதான் போட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. கணித உலகம் அதை அங்கிருந்தே எடுத்துச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. இத்தகைய கட்டுரையை ‘முன்பதிப்பு’ எனலாம். ஆர்க்கைவில் வார நாட்களில் அன்றன்று புதிய முன்பதிப்புகள் அறிவிக்கப்படுகின்றன. ஜர்னல் மறுபடியும் நாளேடு ஆகிவிட்டது.

படிப்பவர் பணம் கட்டும் முறைக்கு மாற்றாக, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கும் முறை வந்தது. 2020இல் ‘நேச்சர்’ அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. எந்த ஊர் ஆய்வு மாணவர் இதைக் கட்டுவார்? இந்த முறையின் நிழலில் போலி ஆய்விதழ்கள் முளைத்தன. நம் நாட்டில் அவற்றுக்கு உரம் போட்டது, ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற விதி. அந்தக் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியது. “ஐ.எஸ்.எஸ்.என். இருக்கு, கவலைப்படாதீங்க” என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களை நம்பிவிடக் கூடாது. அது தொடர் வெளியீடுகளுக்குத் தரும் 8 இலக்க அடையாள எண், தரச்சான்று அல்ல. இந்திய அரசு 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மாணவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு இந்திய மொழிகளில் வரும் ஆய்விதழ்களுக்கும் போயிருக்கலாம் என்று மனம் கேட்கிறது.

கட்டுரை தயாரானவுடன் தனியாக இணையத்தில் ஏறும் இந்தக் காலத்தில் மலரும் இதழும் எதற்கு என்று கேட்கலாம். பல இதழ்களில் அந்த எண்கள் வெறும் சடங்காகிவிட்டன. நாள் மட்டும் போகவில்லை. தரமான ஆய்விதழின் கட்டுரையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே மூன்று நாட்கள் இருக்கும்: பெற்ற நாள், திருத்தி வந்த நாள், ஏற்ற நாள். எவ்வளவு காலம் ஆய்ந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். நம் தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றில் இந்த வரி இல்லை. அடுத்த இதழிலிருந்து சேர்த்துவிடுங்கள், ஆசிரியர்களே. அதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை.