ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காதபோது

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று பிக்கப் இழந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆர்பிஎம் மீட்டரின் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) முள்ளை. மிதிக்க மிதிக்க முள் மளமளவென்று ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது. அதன் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது, ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் வழுக்குகிறது. முள்ளே ஏறத் தயங்கினால், பிரேக் பிடித்த நிலையில் சிக்கிக்கொண்டதா என்று பார்த்துவிட வேண்டும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம்) ஒன்றில் மட்டும் அனல் வீசும். இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகு பானெட்டைத் திறக்கலாம்.

எஞ்சினின் சக்தி என்றதும் நமக்குப் பெட்ரோல்தான் நினைவுக்கு வருகிறது. அளவில் பார்த்தால் எஞ்சின் பெரும்பாலும் விழுங்குவது காற்றை. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் முழு மிதியில் ஓடும்போது நிமிடத்துக்கு 3,600 லிட்டர் வரை உள்ளே இழுத்து, எரித்து, வெளியே தள்ள வேண்டியிருக்கும். காற்று வரும் வழி, எரிபொருள், தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம், புகை போகும் வழி, இவற்றுள் எது தடைப்பட்டாலும் இழுவை போய்விடும். எது தடைப்பட்டது என்பதை, எந்த நிலையில் இழுவை குறைகிறது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஐட்லிங்கில் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) ஒரு குறையும் தெரியாமல், மேட்டில் ஏறும்போது மட்டும் உதறி உதறி ஓடும் வண்டியை எடுத்துக்கொள்வோம். வாயுவின் வழியே தீப்பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பது, அந்த வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பொறுத்தது என்று 1889-இல் ஃப்ரீட்ரிஷ் பாஷென் காட்டினார். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கிலும் இந்த விதிதான் நடக்கிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று வரும் வழியில் உள்ள மூடி) ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் காற்று குறைவு. பொறி எளிதில் தாவிவிடும். முழுதாக மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. அதே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியைத் தாண்ட இப்போது 20,000 வோல்ட்டுக்கு மேலும் தேவைப்படலாம். பிளக்குக்கு இந்த மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் காப்பு உறையில் மெல்லிய விரிசல் இருந்தால், அவ்வளவு மின்னழுத்தம் பிளக்கின் நுனிவரை போகாது. விரிசல் வழியே சிலிண்டர் ஹெட்டின் உலோகத்துக்குத் தாவிவிடும். அந்த நொடியில் அந்த சிலிண்டரில் எரிப்பே நடப்பதில்லை. நுனி தேய்ந்து இடைவெளி அகன்ற பழைய பிளக்கும் இதே தொல்லையைத் தரும்.

இதை உறுதி செய்யப் புதுப் பாகம் எதுவும் வாங்க வேண்டாம். வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கும் ஸ்கேனர் பி0302 என்று காட்டினால், இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிப்பு தவறுகிறது, என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினில், இரண்டாவதன் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்டி, அதே மேட்டில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 என்று மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் அடுத்து பிளக், அதற்கடுத்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். இவ்வளவு எளிமையும் உறுதியும் சேர்ந்த சோதனை கார் பழுதுபார்ப்பில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மிஸ்ஃபயரோடு எஞ்சின் செக் லைட் விட்டு விட்டு மின்னினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எரியாத பெட்ரோலும் காற்றும் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியத் தொடங்கியிருக்கும். அதன் உள்ளே தேனடை போன்ற பீங்கான் வலை இருக்கிறது. ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸில் அது உருகி, புகை போகும் துளைகளை அடைத்துவிடும். வெளியே போக வழியில்லாத புகை சிலிண்டரிலேயே தங்கினால் புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. வண்டி குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகவே மறுக்கும். இந்த நிலையில் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றிவிட்டு மிஸ்ஃபயரை விட்டுவிட்டால் புதியதும் உருகும். அடைப்பை அளந்தே கண்டுபிடிக்கலாம். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி, 2,500 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தால், எதிரழுத்தம் 0.2 பாருக்கு மேல் போகுமானால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

ஸ்கேனரில் வரும் கோடு, ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) எதைக் கவனித்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பி0171 என்ற கோடு கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள்படும். இதைச் சொன்னது ஆக்சிஜன் சென்சார் என்பதால் அதையே மாற்றிவிடுபவர்கள் உண்டு. செய்தி கொண்டுவந்த சென்சாரின் மீது பழி போடுவதற்கு முன், ஃப்யூல் டிரிம் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிட ஈசியு எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதே அது. ஓரிரு விழுக்காடு ஏறி இறங்குவது இயல்பு. அது +20 என்று நின்றால், எந்த நிலையில் நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

காற்றளவு சென்சார் உள்ள வண்டியில், அந்தச் சென்சாரைத் தாண்டி எங்கோ ஒரு ரப்பர் குழாய் பிளந்து காற்று கசிகிறது என்று வையுங்கள். ஐட்லிங்கில் இன்டேக் மேனிஃபோல்டின் (த்ராட்டிலைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். பிளவு வழியே காற்று வேகமாகப் புகும், டிரிம் எகிறும். மிதித்ததும் மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றை நெருங்கிவிடும். வரும் மொத்தக் காற்றில் கசிவு ஒரு பொருட்டே இல்லாமல் போய், டிரிம் இறங்கிவிடும். ஃப்யூல் பம்ப் தளர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ இது தலைகீழாக நடக்கும். ஐட்லிங்குக்கு வேண்டிய சொற்பப் பெட்ரோலைப் பம்ப் எப்படியோ கொடுத்துவிடும். வேகத்திலும் மேட்டிலும்தான் மூச்சு வாங்கும். ஆகவே மேட்டில் இழுக்காத வண்டிக்குக் காற்றுக் கசிவைத் தேடி நாளைக் கழிப்பது வீண். காற்றளவு சென்சாரின் சூடான கம்பியில் அழுக்குப் படிந்து, வரும் காற்றைக் குறைத்துக் காட்டினாலும் டிரிம் சுமையில்தான் ஏறும். பம்பா சென்சாரா என்று பிரிக்க எரிபொருள் அழுத்தத்தை அளக்க வேண்டும். சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது 3 முதல் 4 பார் வரை இருக்கும். மிதித்து ஓட்டும்போதும் அது இறங்காமல் நின்றால் பம்பை விட்டுவிடலாம்.

சில வேளைகளில் ஈசியுவே வேண்டுமென்று சக்தியைக் குறைக்கும். ஆக்சிலேட்டர் பெடலில் ஒரே நகர்வை அளக்க இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு அளவைச் சொன்னால் எதை நம்புவது என்று தெரியாத ஈசியு, கார் தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்று த்ராட்டிலைக் கட்டுப்படுத்திவிடும். இப்படிப் பாதுகாப்புக்காகச் சுருங்கிய வண்டியில் உதறல் பெரும்பாலும் இருக்காது. ஒரு வரம்புக்கு மேல் முள் அசையாது, அவ்வளவுதான். எஞ்சினை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

டர்போ வண்டிகளில் அழுத்திய காற்றைக் கொண்டுபோகும் குழாய் கழன்றோ பிளந்தோ போவது அடிக்கடி நடக்கும். மிதிக்கும்போது உஸ்ஸென்று காற்று சீறும் சத்தம் கேட்கும், டர்போவின் அழுத்தம் போதவில்லை என்று பி0299 கோடு வரும், புகை வடிகட்டி இல்லாத டீசலில் கரும்புகை தள்ளும். வடிகட்டி உள்ள டீசலில் கரி நிரம்பிவிட்டாலும் ஈசியு சக்தியைக் குறைத்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்ப்பதுதான் மிச்சம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். எல்லாவற்றிலும் ஒன்றுபோலக் குறைந்தால் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம்.

எப்போதோ ஒருமுறை வந்து போகும் கோளாறில் பலரும் செய்வது, பேட்டரியின் டெர்மினலைக் கழற்றி மாட்டுவது, அல்லது கோளாறுக் குறியீட்டை உடனே அழித்துவிடுவது. இரண்டுமே தடயத்தை அழிக்கும். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், சுமை, எஞ்சினின் சூடு, வண்டியின் வேகம், ஃப்யூல் டிரிம் எல்லாவற்றையும் ஈசியு ஒரு சட்டகத்தில் சேமித்து வைத்திருக்கும்; குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். அழிக்கும் முன் ஸ்கேனரின் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1,800 ஆர்பிஎம், 85 விழுக்காடு சுமை, 92 டிகிரி சூடு என்று அதில் இருந்தால், அதே சூட்டில், அதே சுமையில், கேஜை மாட்டியபடியே ஓட்டிப் பார்க்க முடியும்.