கவுன்சில் வீட்டு வாடகை பாக்கியும் 60 நாள் கடன் அவகாசமும்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ கவுன்சில் வீட்டில், அல்லது ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருக்கிறீர்கள். வாடகை இரண்டு மாதம் பாக்கி. கிரெடிட் கார்டு, கவுன்சில் டாக்ஸ், மின்சாரம் என்று மற்றவையும் ஏறிக்கொண்டே போகின்றன. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக 2021 மே 4 முதல் 'பிரீத்திங் ஸ்பேஸ்' என்ற திட்டம் சட்டப்படி நடைமுறையில் இருக்கிறது. அது கடனைத் தள்ளுபடி செய்யாது. கடன் கொடுத்தவர்கள் உங்களை நெருக்காமல் 60 நாள் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த 60 நாளைச் சரியாகப் பயன்படுத்தினால் வீடு தப்பும்.

அந்த நாட்களில் திட்டத்துக்குள் வந்த கடன்களுக்கு வட்டியும் அபராதக் கட்டணமும் பெரும்பாலும் ஏறாது. பணம் கேட்டு போன் எடுக்கவோ கடிதம் போடவோ கூடாது. கடனுக்காகப் பொருளை எடுத்துப்போக வரும் பெய்லிஃப் வரக்கூடாது. பழைய கரண்ட் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கவோ, முன்கூட்டிக் காசு போட்டால்தான் ஓடும் ப்ரீபேமெண்ட் மீட்டர் பொருத்தவோ முடியாது. பழைய வாடகை பாக்கியைக் காட்டி வீட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கையும் நிற்கும்.

பலரும் தவறாக விளங்கிக்கொள்வது வாடகை விஷயத்தைத்தான். நிற்பது பழைய பாக்கிக்கான நெருக்கடி மட்டும். இந்த மாத வாடகையும், இந்த மாத கவுன்சில் டாக்ஸும், கேஸ், கரண்ட் பில்லும் வழக்கம்போல் கட்டியாக வேண்டும். 25ஆம் நாளுக்கும் 35ஆம் நாளுக்கும் இடையில் கடன் ஆலோசகர் உங்கள் நிலைமையைத் திரும்பப் பார்ப்பார். கட்ட வசதி இருந்தும் கட்டாமல் விட்டிருந்தால் பாதுகாப்பை அவர் ரத்துச் செய்யலாம். இடையில் 500 பவுண்டுக்கு மேல் புதிதாகக் கடன் வாங்கவும் கூடாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கார்டு கம்பெனி தினமும் போன் எடுக்கிறதே என்று அதற்கு முதலில் கட்டிவிடுவோம், வாடகைக்கு வந்தது ஒரு கடிதம்தானே என்று மேசையில் போட்டுவிடுவோம். கார்டு கடனுக்காக யாரும் உங்களைக் கவுன்சில் வீட்டிலிருந்து எழுப்ப முடியாது, வாடகை பாக்கிக்காக முடியும். அப்படி வீடு போனால், அது உங்கள் தவறால் போனது என்று கவுன்சில் முடிவு செய்யக்கூடும். பிறகு நிரந்தரமாகத் தங்க ஒரு வீடு தேடித்தரும் முழுக் கடமை கவுன்சிலுக்கு இல்லை. ஆகவே வாடகை முதலில், கார்டு கடைசியில்.

இன்னொன்று: கவுன்சிலோ ஹவுசிங் அசோசியேஷனோ எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்கு முன் உங்களோடு பேசி, வருமானத்துக்கு ஏற்ற தவணைக்கு ஒத்துக்கொள்ள முயல வேண்டும் என்று விதி இருக்கிறது. நீங்கள் பதிலே போடாவிட்டால் அந்த விதியால் உங்களுக்குப் பலன் குறைவு. கடிதத்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று ஹவுசிங் ஆபீஸில் கேளுங்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் வரும் வாடகைப் பணம் கைக்கு வந்ததும் கரைந்துவிடுகிறது என்றால், அதை நேரே கவுன்சிலுக்கோ ஹவுசிங் அசோசியேஷனுக்கோ அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

சரி, திட்டத்தில் சேர்வது எப்படி? நீங்களாகப் பதிய முடியாது. அனுமதி பெற்ற கடன் ஆலோசகர் ஒருவர் உங்கள் வரவு செலவைப் பார்த்து, தகுதி இருந்தால் பதிவார். அடுத்த நாளிலிருந்து 60 நாள் தொடங்கும். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய இடங்களில் இலவசமாகக் கேட்கலாம். காசு கேட்கிற ஏஜென்ட் பக்கம் போகவே வேண்டாம். இந்தப் பதிவேடு பொதுமக்கள் பார்க்கக்கூடியது அல்ல, எனவே ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்காதீர்கள். 12 மாதத்தில் ஒரு முறைதான் கிடைக்கும். தீவிர மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு: சிகிச்சை முடியும்வரையும், அதற்குப் பிறகு 30 நாளும் பாதுகாப்பு நீடிக்கும்.

கோர்ட் அபராதம், பிள்ளைப் பராமரிப்புப் பணம், மாணவர் கடன், மோசடியால் வந்த கடன் ஆகியவை இதற்குள் வராது. கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய கடன் என்றால், ஒருவர் பதிந்தாலே அந்தக் கடனுக்கு இருவருக்கும் பாதுகாப்பு. மற்றவர் தனியாக வாங்கியதற்கு இல்லை.

60 நாள் முடிந்ததும் கடன் அப்படியே திரும்பி வரும். அதற்குள் ஆலோசகரோடு அடுத்த வழியை முடிவு செய்துவிட வேண்டும். சிலருக்குத் தவணைத் திட்டமே போதும். பெரிதாகச் சொத்து இல்லாதவர்களுக்கு டிஆர்ஓ என்ற கடன் நிவாரண உத்தரவு இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் கிடையாது. அதே ஆண்டு ஜூன் முதல் 50,000 பவுண்டு வரையான கடனுக்கு அது பொருந்தும். செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுண்டுக்கு மேலும், சொத்து 2,000 பவுண்டுக்கு மேலும் இருக்கக்கூடாது. வழக்கமாக 12 மாதத்தில் அந்தக் கடன்கள் தள்ளுபடியாகும்.

நகை வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இன்றைய தங்க விலைக்குச் சில உருப்படிகளே அந்த 2,000 பவுண்டைத் தாண்டிவிடும். மறைத்தால் உத்தரவே ரத்தாகலாம், ஆகவே ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீட்டுக் காசு, மச்சானிடம் வாங்கிய கைமாற்று எல்லாமும் கடன்தான், பட்டியலில் வரவேண்டும். விண்ணப்பத்துக்கு முன் சொந்தக்காரருக்கு மட்டும் அவசரமாகத் திருப்பிக் கொடுத்தால், மற்றவர்களை விட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டியதாகக் கருதப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

வாடகை பாக்கியையும் டிஆர்ஓவில் சேர்க்கலாம். ஆனால் பாக்கி அதில் சேர்ந்திருந்தாலும் வீட்டைத் திரும்பக் கேட்டு வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன், வாடகை பாக்கியை என்ன செய்வது என்பதை ஆலோசகரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.